நடுவில் நின்றது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காதலையும் கடந்த காலத்தையும் எங்கேனும் ஓரிடத்தில் தொட்டிருந்தன. ஆகவே கோயில் திருப்பணி, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முதலியவை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, காதல் கதைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எல்லாக் கடிதங்களிலிருந்தும் நீக்கியிருக்கிறேன்.

அம்மா, உங்கள் கதைகளில் வரும் காதலர்கள் எல்லோரும் கப்பல் காலத்து மனிதர்களாகவே இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காதல்தான் உண்மையான காதல் என்று கருதுகிறீர்களா? இன்றைய பிள்ளைகளின் கைப்பேசிக் காதலில் கதையே இல்லையா?
— மோல்மேன் வாசகி

அப்படி நான் ஒருபோதும் கருதியதில்லை. அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலேறி பர்மாவின் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் ஊரில் விட்டுவந்த மனைவியை மறந்தார்கள். இங்கே சேர்ந்து வாழ்ந்த பெண்ணை, ஊர் திரும்பும் கப்பலில் ஏறிய நாளோடு மறந்தவர்களும் உண்டு. செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வந்த ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு, மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் மேஸ்திரிமார்கள் கூட்டிவந்தவர்களிலும் பெண்கள் மிகக் குறைவு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அவர்களில் ஆண்களே மிகுதி. அப்படிப்பட்ட ஊரில் காதல் மட்டும் மாசில்லாமல் இருந்தது என்று நம்புவது, பழைய புகைப்படங்களில் எல்லோரும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அந்தக் காலத்தில் யாருக்கும் கூனே விழவில்லை என்று சொல்வதைப் போன்றது. சேர்ந்து வாழ்ந்தவர்களின் பேத்திகள் கதை சொல்கிறார்கள். கைவிடப்பட்டவர்களின் பேத்திகள் வாய் திறப்பதில்லை. அதனால்தான் நம் காதுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் நல்ல கதைகளாக இருக்கின்றன.

பிறகு ஏன் அந்தக் காலத்துக்கே போகிறேன் என்றால், அது தொழில் சார்ந்த காரணம். காதல் கதை எழுதுகிறவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அந்த இருவருக்கும் நடுவில் நின்றது எது என்பதை. ஆசை எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. நடுவில் நிற்பதுதான் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறுகிறது. கப்பல் காலத்தில் அது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது. 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' என்கிறது தொல்காப்பியம். பொருள் தேடிக் கடல் கடக்கிறவன் மனைவியை உடன் அழைத்துப் போவதில்லை என்ற அந்த வழக்கம், இருபதாம் நூற்றாண்டிலும் வங்காள விரிகுடாவில் உயிரோடு இருந்தது.

ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொஸண்டாங் ஓடைக்கரையில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவனுக்கு எழுதத் தெரியாது. ராமநாதபுரத்துக் கிராமத்தில் இருக்கும் அவன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை எழுதுகிறார். அங்கே தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து, மாமியாரும் நாத்தனாரும் கேட்டுக்கொண்டிருக்க, உரக்கப் படிக்கிறார். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் கடல் போதாதென்று இரண்டு அந்நிய ஆண்கள் வேறு நிற்கிறார்கள். இந்த நிலையில் அவன் என்ன சொல்லிவிட முடியும்? 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் ஊர் சிரிக்கும். மணியார்டர் பாரத்தின் ஓரத்தில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில், பணம் எதற்கு, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுதிய பிறகு, 'கன்றுக்குட்டியை விற்க வேண்டாம்' என்று அவன் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்றுக்குட்டியை அவள் எப்படிச் சீராட்டுவாள் என்பது அவனுக்குத் தெரியும்; அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது மாட்டுச் சமாசாரம். எனக்கு அந்த வரி கிடைத்தால் போதும், கதையை எழுதிவிடுவேன்.

கைப்பேசிக் காதலிலும் கதை இருக்கிறது. 2014இல் ஒரு சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கும் வரை, கைப்பேசி என்பது நம் தெருவில் பணக்கார வீட்டுப் பண்டமாக இருந்ததை இளையவர்கள் அறியமாட்டார்கள். இன்று மலேசியாவிலும் தாய்லாந்திலும் வேலைக்குப் போன பையனின் முகத்தை ஒவ்வொரு இரவும் திரையில் பார்க்கிறாள் ஒரு பெண். ஆனால் அவன் தங்கியிருக்கும் அறையில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள், அவள் வீட்டிலோ ஒரே அறை. கணக்குப்பிள்ளையும் வாத்தியாரும் வேறு உருவத்தில் வந்துவிட்டார்கள். இதை எழுத வேண்டியவர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்கள். என் வயதில் இதை எழுதினால் ஒட்டுக்கேட்டு எழுதியது போல் இருக்கும்.

என் பாட்டி 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போய், போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். அந்த நடைப்பயணத்தைப் பின்னணியாக வைத்து ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தனை பேர் செத்து விழுந்த வழியில் காதலை எழுதுவது மரியாதைக் குறைவு என்கிறார் என் தந்தை. உங்கள் கருத்து என்ன?
— தட்டோன் இளைஞர்

உங்கள் கடிதத்தில் 'பின்னணி' என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் தந்தையின் அச்சம் அதிலிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். இறந்தவர்களைத் திரைச்சீலையில் தீட்டிவிட்டு அதன் முன்னால் இரண்டு பேரைக் கைகோத்து நிற்கவைத்தால், அவர் சொல்வது முழுக்கச் சரி. அந்த வழியில் நடந்தவர்களில் காதலர்களும் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்களும் இருந்தார்கள், சண்டைபோட்டுப் பிரிந்தவர்களும் இருந்தார்கள் என்று எழுதினால், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் அதை எழுத, அந்த வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. நான்கைந்து இலட்சம் இந்தியர்கள் தரைவழியாக வெளியேறியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை என்பதுதான் கதை எழுதுகிறவருக்கு முக்கியம். புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தௌங்கப்புக்குப் போய், அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங் என்று சென்றவர்கள் உண்டு. மாந்தலேக்கு வடமேற்கே கலேவா, தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து இம்பால் சேர்ந்தவர்கள் உண்டு. கடைசியாகக் கிளம்பியவர்கள் வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கில், மே மாதம் மழை பிடித்துக்கொண்ட பிறகு, சேற்றிலும் அட்டையிலும் சிக்கினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று முகாம்களிலும் பாதைகளிலும் பாகுபாடு காட்டப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

உங்கள் காதலர்கள் எந்த வழியில் போனார்கள்? இருவரும் ஒரே வழியிலா? பெண்ணின் தந்தை புரோம் வழியைத் தேர்ந்தெடுக்க, பையனின் அண்ணன் மாந்தலேக்கு ரயில் ஏற்றிவிட்டால், அதற்கு மேல் நீங்கள் வில்லன் எவனையும் படைக்க வேண்டியதில்லை. ஒரே வழியில் போனார்கள் என்றால், மாட்டுவண்டியில் மிஞ்சியிருந்த ஓரிடத்தை யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள், காலரா கண்ட ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூட்டத்திலிருந்து பின்தங்கியது யார், பின்தங்கியவளை விட்டுவிட்டுத் தொடர்ந்து நடந்தது யார் என்பவற்றை எழுதுங்கள். காதல் வசனம் ஒன்றுகூட இல்லாமல் காதலை எழுதக்கூடிய இடம் அது. நிலவொளியில் ஒரு காட்சி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். இரவில் மறைந்து வரும் தலைவனின் களவுக் காதலுக்கு நீ நல்லதில்லை என்று நிலவைக் கடிந்துகொள்ளும் பாட்டு குறுந்தொகையிலேயே இருக்கிறது; விமானச் சத்தத்துக்கு அஞ்சி மரத்தடி தேடியவர்கள் நிலவை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு அப்போது நடந்து போனார். அந்தப் பயணத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார். அதைத் தேடிப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, பாட்டியிடம் வேறு வகையான கேள்விகளைக் கேளுங்கள். 'பயமாக இருந்ததா?' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லி நிறுத்திவிடுவார். சோறு எதில் வடித்தீர்கள், செருப்பு எங்கே அறுந்தது, தாலியை எங்கே மறைத்து வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று. நடந்தவர்களின் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். 1942க்கும், பிரிட்டிஷ் படை ரங்கூனுக்குத் திரும்பி வந்த 1945 மே மாதத்துக்கும் இடையில், இங்கே தங்கிவிட்ட கணவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல், பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் அக்கரையில் காத்திருந்த பெண்களின் கதையைப் பெரிதாக யாரும் எழுதவில்லை. நடக்கவே நடக்காதவளின் கதை அது. உங்கள் அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காதல் கதையில் கதாநாயகி கட்டாயம் அழகாக இருந்துதான் ஆக வேண்டுமா?
— இன்செயின் வாசகர்

அவனுக்கு அழகாக இருந்தால் போதும், வாசகருக்குக் காட்டுகிறேன் என்று புருவம், மூக்கு, இடை என்று பட்டியல் போட வேண்டியதில்லை. காலையில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து வெயிலில் காய்ந்து, கன்னத்தில் ஓரிடத்தில் மட்டும் உதிர்ந்திருப்பதை அவன் கவனித்தான் என்றால், அவன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் எழுதப்படும் எல்லாக் காதல் கதைகளிலும் காதலர்கள் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் திருவிழாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் சந்திக்கிறார்கள். வேறு இடமே இல்லையா?
— பியாபோன் வாசகி

சிரித்துவிட்டேன். ஆனால் எழுதுகிறவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அடக்க ஒடுக்கமாக வளர்க்கப்பட்ட பெண் ஒருத்தி, முன்பின் அறியாத ஆண்மகன் மீது தெருவில் வைத்துத் தண்ணீர் ஊற்றலாம், அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போவான் என்ற அனுமதி ஆண்டில் அந்தச் சில நாட்களுக்குத்தானே கிடைக்கிறது? போதாக்குறைக்கு நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் வந்துவிடுகிறது. முதல் மழை தொட்டதும் பதாவ் மரம் பூத்து, ஒரு நாளில் உதிர்ந்துவிடுவதையும் சேர்த்துக்கொண்டால், கதாசிரியருக்கு அந்தத் திருவிழாவை விட்டு வெளியே வரவே தோன்றாது. பதாவ் நம் வேங்கைக்கு நெருங்கிய உறவுமரம்; குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கைப் பூவுக்கு இருக்கும் இடத்தை நினைத்தால், பர்மியரும் தமிழரும் ஒரே குடும்பத்து மரத்தடியில்தான் காதலித்திருக்கிறார்கள்.

இருந்தாலும் நீங்கள் கேட்டது நியாயம். சந்திப்பை அங்கே வைக்காதீர்கள். ஓர் ஆண்டு திஞ்சானில் அவன் வருவான் என்று எதிர்பார்த்து அவன் வராத நாளை அங்கே வையுங்கள். வேறு இடம் வேண்டுமென்றால் தீமிதிக்கு முன் விரதமிருக்கும் நாட்கள் இருக்கின்றன. விரதக்காரனை அவள் தொடக்கூடாது, அவனும் அவளை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. நடுவில் நிற்பதை அம்மனே ஏற்படுத்திக் கொடுத்துவிட்டாள்.

நான் தமிழன், காதலித்து மணந்தது பர்மியப் பெண்ணை. நம் கதைகளில் பர்மியப் பெண் வந்தாலே, ஆணை மயக்கி ஊரை மறக்கச் செய்பவளாகவோ கடைசியில் கைவிடப்படுபவளாகவோ மட்டுமே வருகிறாள். இதைப் படிக்க என் மனைவிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. ஏன் இப்படி?
— மாந்தலே வாசகர்

உங்கள் குறை உண்மையானது. அந்தக் கதைகளில் பெரும்பாலானவை அக்கரையில் இருந்த வாசகருக்காக, அக்கரையில் காத்திருந்த மனைவியின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அந்த மனைவிக்கு நியாயம் செய்ய வேண்டியதுதான். அதற்காக இந்தக் கரையில் இருந்த பெண்ணை மையிட்டு மயக்குகிறவளாக ஆக்க வேண்டியதில்லை.

அவள் வீட்டிலிருந்து இதே கதையைப் பார்த்தால் என்ன தெரியும்? கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் ஆறு விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை வீழ்ந்து, கடனைக் கட்ட முடியாமல் போனபோது, 1938க்குள் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று. நிலம் பிடுங்க வந்தவர்கள் என்று செட்டியார்களைச் சொல்வதை அவர்களில் பலர் ஏற்கமாட்டார்கள். தங்களுக்கு வேண்டியது பணமே தவிர நிலமன்று என்பார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் 1935இல் ஐராவதி டெல்டாவில் ஓர் ஊரில், செட்டியார் கடைக்கு அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, வந்த தமிழ்ப் பையனை ஒரு பெண் விரும்பினாள் என்றால், அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது சாதியும் மதமும் மட்டுமல்ல, அவள் தந்தை அடகு வைத்த வயலின் பத்திரம் அவன் கடைப் பெட்டிக்குள் கிடந்தது. இப்படி ஒரு காட்சியை நம் எழுத்தாளர்கள் எழுதாமல் மயக்கத்தை எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சட்டம். பர்மிய பௌத்த வழக்கப்படி, ஆணும் பெண்ணும் மனமொப்பிக் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தாலே அது திருமணம். தனிச் சடங்கு தேவையில்லை, மனைவிக்குச் சொத்தில் பங்கும் உண்டு. அந்தக் காலத்து இந்துச் சட்டமோ அப்படிப்பட்ட சேர்க்கையைத் திருமணமாக ஏற்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்களில் ஒருத்தி தன்னை மனைவி என்று நம்பியிருக்க, அவன் பக்கத்துச் சட்டம் அவளை வேறு பெயரால் அழைத்தது. அவன் இறந்தால் அவளும் பிள்ளைகளும் தெருவில் நிற்க நேர்ந்தது. இதைச் சரிசெய்வதற்காகவே பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் 1939இல் தனிச் சட்டம் வந்தது. 1954இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. 2015இல் வந்த சட்டம் வேறு வகையானது. பௌத்தப் பெண்ணை வேற்று மதத்தவர் மணக்க விண்ணப்பித்தால், அதைப் பதினான்கு நாட்கள் பலரறிய ஒட்டிவைக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம். பாதுகாப்பு என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். இந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் தெருவில் நடமாடிய இளைஞர்களிடம் கேட்டால் அவர்கள் வேறு சொல்வார்கள். அறிவிப்புப் பலகையில் தம் பெயர்கள் அருகருகே ஒட்டப்பட்டிருப்பதை இருவரும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்ற ஒரு காட்சி எனக்கு நெடுநாளாக மனத்தில் இருக்கிறது. நீங்களே எழுதுவதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்குத் தமிழ் தெரியாது என்கிறீர்கள். அவர் படிக்கும்படியாக, பர்மிய மொழியில் நம்மைப் பற்றி யார் காதல் கதை எழுதியிருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை அவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே நாம் எப்படி வருகிறோம் என்பது தெரிந்தால், இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

என் அத்தையின் காதலைக் கதையாக எழுதியிருக்கிறேன். அத்தை காலமாகிவிட்டார். அந்த மனிதரும் அவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உண்மைப் பெயர்களைப் போடலாமா?
— பெகு வாசகி

போடாதீர்கள். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று அகத்திணைக்குத் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. மூவேந்தரைப் பெயர் சொல்லிப் பாடிய புலவர்கள், காதலைப் பாடும்போது தலைவன், தலைவி, தோழி என்று நிறுத்திக்கொண்டார்கள். இதை நான் வெறும் நாகரிகமாகப் பார்க்கவில்லை. பெயர் போட்டுவிட்டால் நடந்ததை மீற உங்களுக்குக் கை வராது. அத்தை உண்மையில் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்று நினைவு கூர்வதிலேயே கதை நின்றுவிடும்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெகுவில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்தவை. தொழிலையும் தெருவையும் சேர்த்து மாற்றுங்கள். ஆண்டை மட்டும் மாற்ற முடியாது, ஏனென்றால் நம் கதைகளில் ஆண்டு மாறினால் நடுவில் நிற்பதும் மாறிவிடும்.

கதையில் பர்மிய மொழியில் பேசிக்கொள்ளும் காதலர்களின் உரையாடலைத் தமிழில் எப்படி எழுதுவது?
— சிரியம் வாசகர்

நல்ல தமிழில் எழுதுங்கள். பர்மியர் தமிழைக் கொச்சையாகப் பேசுவதாக எழுதும் வழக்கம் போதும். அவர்கள் தங்கள் மொழியில் சரளமாகப் பேசுகிறார்கள், நாம்தான் மொழிபெயர்க்கிறோம். விளிப்பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். இவ்வளவு நாளும் அவனை 'ஊ' சேர்த்துப் பெரியவர்போல அழைத்தவள், ஒரு நாள் நெருக்கமாக 'கோ' என்று அழைத்தால், பர்மாவில் வாழும் வாசகருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

காதல் கதை சேர்ந்து முடிய வேண்டுமா, பிரிந்து முடிய வேண்டுமா? பிரிந்தால்தான் இலக்கியம் என்கிறார்கள் சிலர்.
— ரங்கூன் வாசகர்

பிரிவில் முடித்தால் எழுத்தாளருக்கு வேலை குறைவு, அதனால் அதற்கு மதிப்புக் கூடிவிட்டது. பிரிந்தவர்களை அந்த நிமிடத்திலேயே நிறுத்திவிடலாம். சேர்ந்தவர்கள் அடுத்த நாள் காலையில் எழுந்து அரிசி வாங்க வேண்டும்.

நம் வரலாற்றில் இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவு இருக்கிறது. அறுபதுகளில் இங்கிருந்து இந்தியாவுக்குப் போனவர்களில் சிலர், அங்கே ஒட்ட முடியாமல், மீண்டும் பர்மாவுக்கே நடந்து வந்துவிடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் நிறுத்தப்பட்டார்கள். திரும்பிப் போகவும் மனமில்லாமல் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது. அவர்களில் ஒருத்திக்கு இந்தப் பக்கம் ஒருவன் இருந்தான் என்று வைத்து எழுதுங்கள். கூப்பிடு தூரத்தில் நாடு தெரிகிறது. அவள் சேர்ந்தாளா, பிரிந்தாளா?

அம்மா, என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, 1964இல் குடும்பத்தோடு கப்பல் ஏறிப் போன ஒரு பெண்ணுக்கு அவர் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் கிடைத்தன. கடைசிக் கடிதம் எங்கள் திருமணத்துக்கு முந்திய மாதத்தில் எழுதியது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அவரோடு வாழ்ந்தேன். ஒரு சொல் சொன்னதில்லை. எரித்துவிடலாமா என்று நினைக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கு அனுப்புகிறேன், கதையாக எழுதுகிறீர்களா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

சகோதரி, உங்கள் கடிதத்தை வேறு கடிதங்களோடு சேர்த்துப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பெயர் இல்லாததால் தனியாக எழுத வழியில்லை.

1964 எப்படிப்பட்ட ஆண்டு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் மாதத்தில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கைப்பணமும் போன பிறகு, கப்பலில் இடம் கிடைத்த நாளில் குடும்பத் தலைவர்கள் குடும்பத்தோடு ஏறினார்கள். இருபது வயதுப் பையனையோ பதினெட்டு வயதுப் பெண்ணையோ யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். போனவர்கள் முதலில் முகாம்களில் தங்கி, பிறகு திருச்சி, மதுரை, சென்னை வியாசர்பாடி என்று கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள். எழுதிய கடிதங்களை அவர் ஏன் அனுப்பவில்லை என்பதற்கு, எழுத முகவரி இல்லாமல் இருந்தது என்பதே காரணமாக இருக்கலாம். இதைத் தியாகம் என்றோ தெய்வீகம் என்றோ நான் சொல்லமாட்டேன். நீங்களும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

திருமணத்துக்கு முந்திய மாதத்தோடு கடிதங்கள் நிற்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தத் தேதிக்கு என்ன பொருள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆனாலும், சொல்லாமல் இருந்துவிட்டாரே என்ற உங்கள் கோபம் நியாயமானது. அதை ஆற்றுவதற்காக அவர் தலைமுறை ஆண்கள் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. ஐம்பது ஆண்டில் ஒரு மாலைப் பொழுது போதும் இதைச் சொல்ல, அவர் சொல்லியிருக்கலாம்.

எரிப்பதை இப்போது செய்யாதீர்கள். ஆண்டுத் திவசம் முடியட்டும். அதற்குப் பிறகும் எரிக்கத் தோன்றினால் எரியுங்கள், அது உங்கள் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தப் பெண்மணி அக்கரையில் உயிரோடு இருக்கக்கூடும், பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நான் எழுதிவிடுவேன், எழுதாமல் இருக்க என்னால் முடியாது. எழுதினால், இந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த விதிப்படி, அந்த இருவருக்கும் நடுவில் நின்றது எது என்று தேட வேண்டி வரும். கப்பலையும் செல்லாத நோட்டையும் சொன்ன பிறகு, கதையின் கடைசிப் பகுதியில் அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவேன். கதைக்கு அதுதான் வசதி. ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தியவரை அங்கே நிறுத்த எனக்கு விருப்பமில்லை.